தலை போகிற காரியம்

அக்கா மகளின் பிஸ்டலில் இருந்த அந்த ஸ்க்ரூவின் தலையை மழுங்கடித்தது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு நாள் வரை பழியைப் பழைய உரிமையாளர் மீதும், ஃபெஞ்சல் புயல் மீதும், புதுச்சேரியின் உப்புக் காற்றின் மீதும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கடைசி அடி என் கையால்தான் விழுந்தது.

பிஸ்டல் என்றதும் பதற வேண்டாம். இது 10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. ஈயக் குண்டை அழுத்தக் காற்றால் தள்ளுவது. இந்த விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. வெடிமருந்துத் தோட்டா போடும் கைத்துப்பாக்கியாக இருந்திருந்தால் நான் திருப்புளியை எடுத்தே இருக்க மாட்டேன். அதைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். அக்கா மகள் இதை வேறொரு வீராங்கனையிடம் பழையதாக வாங்கினாள். பக்கவாட்டு நெம்புகோலை ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சூட்டுக்கான காற்று அழுத்தப்படும் வகை. சட்டகம் அலுமினியக் கலவை. பிடி வால்நட் மரம்; இடம், வலம் என்று இரண்டு பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்கா வீடு ரெயின்போ நகரில் தாழ்வான தெருவில் இருக்கிறது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பிஸ்டல் பெட்டி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. பெட்டிக்குள் தண்ணீர் புகவில்லை என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். பிஸ்டலைத் துடைத்து, எண்ணெய் தடவி, மீண்டும் அதே பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்த பஞ்சுமெத்தை ஈரத்தை உறிஞ்சிவைத்திருந்ததை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. மேலே காய்ந்திருக்கும், உள்ளே கசியும். ஈரத் துணியில் சுற்றிவைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

சில மாதங்கள் கழித்து மரமும் உலோகமும் சேரும் இடத்தில் பழுப்பு நிறக் கறை கசிந்தபோதுதான் என்னிடம் கொண்டுவந்தாள். "மாமா, பிடியைக் கழற்றி உள்ளே துடைத்தால் போதும். ஐந்து நிமிட வேலைதான்" என்றாள். அந்த ஐந்து நிமிடம் ஒன்பது நாளாயிற்று.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அவளே நெம்புகோலைத் திறந்து, குழாய்க்குள் குண்டு இல்லை என்பதைக் காட்டி, ஆரஞ்சு நிற நைலான் நூல் ஒன்றைக் குழாயின் நீளத்துக்கும் செருகிவைத்தாள். இரு முனையும் வெளியே தெரிய வேண்டும். சுடுதளத்தில் இது கட்டாயம். புல் வெட்டும் எந்திரத்தில் போடுகிற நூல்தான்; ஆனால் அது செருகியிருக்கும்வரை அந்தப் பிஸ்டல் வெறும் இரும்பும் மரமும். இந்தப் பதிவில் சொல்லப்போகிற எல்லா வேலையும் அந்த நூல் உள்ளே இருந்தபடியேதான் நடந்தது.

வலப்பக்க ஸ்க்ரூ சொன்னபடி கேட்டது. லேசாக முனகிவிட்டுக் கழன்றது. இடப்பக்கம்தான் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன். 'கிளுக்' என்று ஒரு சத்தம், கையில் ஒரு வழுக்கல். அந்த வழுக்கலை உணர்ந்தவர்களுக்குத் தெரியும், அடிவயிற்றில் ஏதோ சரியும். ஒருமுறை வழுக்கியதும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. ஸ்க்ரூ தலையின் அறுகோணக் குழிக்குள் செருகித் திருப்புகிற ஆலன் கீயை இன்னும் ஆழமாக அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் அந்தக் குழி அழகான வட்டக் குழியாகிவிட்டது.

இது எம்4, அதாவது 4 மி.மீ. விட்டமுள்ள குமிழ்த்தலை ஸ்க்ரூ. ஆலன் கீ போடுகிற ஸ்க்ரூக்களில் இந்தக் குமிழ்த்தலை வகை எனக்குப் பிடிக்காது. பார்க்க அழகு, கையில் இடறாது, அவ்வளவுதான் அதன் பெருமை. உருளைத் தலையுள்ள எம்4 ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. கீ, தலையும் 4 மி.மீ. உயரம் இருக்கும், குழி ஆழமாக இருக்கும். குமிழ்த்தலைக்கு 2.5 மி.மீ. கீதான். தலையின் உயரமே 2.2 மி.மீ. அதற்குள் குழி எவ்வளவு ஆழம் இருந்துவிடும்? கீ பிடிப்பதற்கு நகக்கண் அளவு இடம். வில்லியம் ஆலன் என்கிற அமெரிக்கர் 1910இல் காப்புரிமை வாங்கிய இந்த அறுகோணக் குழிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: கீ அளவு சரியாக இருக்க வேண்டும், அடிவரை இறங்க வேண்டும்.

என் கீ அடிவரை இறங்கியது. அளவு சரியாக இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த இரண்டு மாலைகள் வீட்டு மேசையில் நடந்த வித்தைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லோரும் சொல்கிற ரப்பர் பேண்ட். மழுங்கிய குழியின் மேல் ரப்பரை வைத்து அதன் மேல் கீயை அழுத்தித் திருப்புவது. மின்விசிறி ரெகுலேட்டரில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்றை இப்படி எடுத்திருக்கிறேன். இறுகிப்போன ஸ்க்ரூவுக்கு இது ஆகாது. ரப்பர் கிழிந்து குழிக்குள் சிக்கிக்கொண்டது, அதைக் குண்டூசியால் தோண்டி எடுத்தது தனி வேலை. அடுத்து, இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வாங்கிவந்தேன். மணல்போல் நறநறவென்று இருக்கும். கீயின் முனையில் துளி தொட்டுக் குழிக்குள் வைத்தால் பிடிமானம் கூடும். உண்மையில் கூடியது. கீ வழுக்காமல் நின்றது. ஆனால் ஸ்க்ரூ அசையும் முன்பே மறுபடி சுரண்டிக்கொண்டு சுற்றிவிட்டது. மழுங்கத் தொடங்கிய முதல் நொடியிலேயே இதைச் செய்திருந்தால் பலித்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். பத்து ரூபாய்க்கான பேஸ்ட் ஒரு வருடத்துக்கு வரும்; கருவிப் பெட்டியில் இருக்கட்டும்.

டார்க்ஸ் எனப்படும் ஆறுமுனை பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்குவது அடுத்த வழி. வட்டமாகிப்போன குழியின் விட்டம் ஏறக்குறைய 2.9 மி.மீ. டி10 பிட் உள்ளே போய்க் கிலுகிலுப்பைபோல் ஆடியது. டி15 பிட் 3.3 மி.மீ. வரும், அது உள்ளே போகவே மறுத்தது. ஓங்கித் தட்டினால் போயிருக்கும். எங்கே தட்டுவது? ஸ்க்ரூவின் கீழே அலுமினியச் சட்டகம், பக்கத்திலேயே ட்ரிக்கர் எந்திரம். 500 கிராமுக்குக் குறையாமல் விசை இருக்க வேண்டும் என்கிற விதிக்காக இழை இழையாகச் சரிசெய்த அமைப்பு அது. இரண்டு முறை மெதுவாகத் தட்டிவிட்டுச் சுத்தியலை வைத்துவிட்டேன். வண்டி எஞ்சினில் செய்வதை இதில் செய்ய முடியாது.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு சிக்கல். பட்டறைகளில் இறுகிய நட்டுக்கு டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். இங்கே ஸ்க்ரூவைச் சுற்றி வால்நட் மரம். ஸ்பிரே அடித்தால் மரம் குடித்துவிடும், கறை போகாது, பிடி வழவழக்கும். மருந்துக் கடையில் இன்சுலின் ஊசி ஒன்று வாங்கி, ஊடுருவும் எண்ணெயை அதில் எடுத்து, தலையின் விளிம்பில் ஒரே ஒரு சொட்டு. அரை மணிக்கு ஒன்று. அம்மாவின் தோட்டுத் திருகாணி இறுகிக்கொண்டபோது பெரிய கடைத்தெரு ஆசாரி தேங்காய் எண்ணெய்யைத் தீக்குச்சி நுனியில் தொட்டு வைத்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. மூன்றாவது சொட்டுக்கு முன்பே திருப்பிப் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் செல்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, "மாமா, தலையைச் சுற்றி ஏதோ சிவப்பாக இருக்கிறதே?" என்றாள். உற்றுப் பார்த்தால் நகப்பூச்சு. ஸ்க்ரூ தளராமல் இருப்பதற்காகப் பழைய உரிமையாளர் பூசியிருக்கிறார். இது கெட்ட யோசனை இல்லை. கடிகாரக் கடையிலும் ரேடியோ கடையிலும் காலங்காலமாகச் செய்வதுதான். நகப்பூச்சை அகற்றும் திரவத்தை அதே ஊசியால் ஒரு சொட்டு விட்டு, பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். மரத்தின் பளபளப்புப் பூச்சில் அது பட்டால் மரமும் பல்லிளிக்கும் என்பதால் சுற்றிலும் வாஸ்லின் தடவிவைத்திருந்தேன். சிவப்புப் போனது. ஸ்க்ரூ இருந்தபடியே இருந்தது. அப்படியானால் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே என்பதை வலப்பக்கத்திலிருந்து கழற்றிய ஸ்க்ரூ சொன்னது. அதன் மரைகளுக்கு இடையே வெள்ளை மாவு. எஃகு ஸ்க்ரூவும் அலுமினியச் சட்டகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு சிறிய மின்கலம். அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகிற ஆக்சைடு முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையே ஆப்பு அடித்ததுபோல் இறுகும். கடற்கரை ஊரில் ஜன்னல் சட்டம், ஸ்கூட்டர் எஞ்சின் மூடி, வலைப்படகு எஞ்சின் என்று எங்கும் நடப்பது இதுதான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் எஞ்சின் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கிரீஸ் தடவிவிட்டுத்தான் மாட்டுவார்கள்.

மூன்றாம் நாள் இரவு அந்தக் கீயை எடுத்து வெர்னியரில் அளந்தேன். 2.38. இன்னொருமுறை அளந்தேன். அதே 2.38. அது 2.5 மி.மீ. கீயே இல்லை, ஓர் அங்குலத்தில் 32இல் 3 பங்கு. சண்டே மார்க்கெட்டில், மகாத்மா காந்தி சாலை நடைபாதையில், ஒரு சாக்குத் துணி மேல் குவித்திருந்ததில் நான் பொறுக்கி வாங்கிய கட்டு அது. மில்லிமீட்டர் கீயும் அங்குலக் கீயும் கலந்து கிடந்ததை வாங்கும்போது பார்க்கவில்லை. 0.12 மி.மீ. இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. கீ உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஆறு பக்கங்களிலும் பதிந்து தள்ள வேண்டிய கீ ஆறு விளிம்புகளால் மட்டும் சுரண்டும். வலப்பக்க ஸ்க்ரூ இளகியிருந்ததால் பிழைத்தது. அக்கா மகளிடம் சொன்னேன். கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "புயல் பாவம் மாமா" என்றாள்.

அவளுக்கு அடுத்த மாதம் போட்டி இருந்தது. போட்டியின் நடுவில் பிஸ்டல் கைவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் போனதை அந்த வயதுப் பெண்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே மனு பாக்கர் 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வாங்கியதையும் சேர்த்தே சொல்வார்கள் என்பது வேறு. பிடி ஆடினால் எவ்வளவு நஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலக்குத் தாளில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டின் விளிம்பு தொட்டாலும் 10 என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். குறி பார்ப்பதற்காகப் பிஸ்டலின் மேல் இருக்கிற முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 33 சென்டிமீட்டர் என்றால், குறிகள் ஒன்றுக்கொன்று கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகினால் போதும், 10 கைநழுவிவிடும். கை பிடியை நம்புகிறது. பிடி அந்த ஒரு ஸ்க்ரூவை நம்புகிறது.

இனி மிஞ்சியது ஸ்க்ரூவைத் துளைத்து எடுப்பதுதான். நேரு வீதியில் நான் கேட்ட கடைகளில் இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைக்கவில்லை. 'எக்ஸ்ட்ராக்டர்' எல்லோரும் காட்டினார்கள். நடுவில் துளையிட்டு, இடமரை வெட்டிய அந்தக் கூம்பை இறக்கித் திருப்பினால் ஸ்க்ரூவைக் கவ்வி இழுத்துக்கொண்டு வரும் என்பது அதன் வாக்குறுதி. பெரிய போல்ட்டுக்குச் சரி. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் போடுகிற எக்ஸ்ட்ராக்டர் தீக்குச்சி பருமன்தான் இருக்கும். எஃகைக் கடினப்படுத்திச் செய்திருப்பதால் வளையாது, உடையும். உள்ளே உடைந்துவிட்டால் அதைத் துளைக்கச் சாதாரண பிட் எதுவும் ஏறாது. பல வருடங்களுக்கு முன் என் ஸ்கூட்டர் எஞ்சினில் அப்படி உடைத்து, சிலிண்டர் தலையையே மாற்றியிருக்கிறேன். ஆகவே வாங்கவில்லை. 3 மி.மீ.யிலும் 4 மி.மீ.யிலும் நல்ல கோபால்ட் பிட் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு தட்டாஞ்சாவடிப் பக்கம் வண்டியை விட்டேன்.

அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிற பெரியவரை எனக்குத் தெரியும். இளமையில் கடலூர் சாலையிலிருந்த ரோடியர் மில்லில் ஃபிட்டர். 1898இல் தொடங்கிய அந்த ஆலைக்குப் பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று பெயர் வந்தும், அவர் வயதுக்காரர்கள் வாயில் அது ரோடியர்தான். அந்த ஆலையில் தொழில் பழகியவர்கள் இந்த ஊர்ப் பட்டறைகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அரம் பிடிக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பிஸ்டலை மேசையில் வைத்ததும் முதலில் ஆரஞ்சு நூலைக் காட்டி அது என்னவென்று கேட்டார். அக்கா மகள் விளக்கினாள். தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஸ்க்ரூவைப் பார்த்தார். நான் எக்ஸ்ட்ராக்டர் கதை, ரப்பர் பேண்ட் கதை, பேஸ்ட் கதை எல்லாம் சொல்லி முடித்தேன்.

"உங்களுக்கு இப்போது என்ன கழல வேண்டும் தம்பி? ஸ்க்ரூவா, பலகையா?"

"ஸ்க்ரூ கழன்றால்தானே பலகை கழலும்?"

"பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்க்ரூ இல்லை. அதன் தலை. தலையை எடுத்துவிடுங்கள். பலகை வந்துவிடும். மிச்சம் நிற்கிற தண்டைப் பிடித்துத் திருப்ப உங்களுக்கு இடுக்கி போதும்."

மூன்று நாளாக அந்த 2.9 மி.மீ. குழிக்குள்ளேயே குடியிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. 'தலை போகிற காரியம்' என்று அவசரத்துக்குச் சொல்கிறோம். இங்கே தலை போவதுதான் காரியமே.

துளைப்பதற்கு முன்னால் நடந்த ஏற்பாடுகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஸ்க்ரூவின் தலை மரப்பலகையில் 8 மி.மீ. குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. பிட் சற்றே வழுக்கினாலும் வால்நட்டைக் கடித்துவிடும். பெரியவர் பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை லேத்தில் பிடித்து, வெளிவிட்டத்தை 7.9க்கு இறக்கி, நடுவில் 3 மி.மீ. துளையிட்டு, விரல் கணு அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பித்தளைக் குழல் மரக்குழிக்குள் சிக்கென்று உட்கார்ந்தது. அதன் வழியே பிட் இறங்கினால் ஸ்க்ரூவின் நடுவைத் தவிர வேறெங்கும் போக முடியாது. மழுங்கி வட்டமான குழியும் இப்போது உதவிக்கு வந்தது, 3 மி.மீ. பிட்டின் முனைக்கு அதுவே வழிகாட்டி.

இரும்புத் தூள் ட்ரிக்கர் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காக எல்லா இடுக்குகளையும் பெயிண்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பால் மூடினோம். ட்ரிக்கரைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடுகிற களிமண். மேசையில் பொருளை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் தாடைகளில் சைக்கிள் டியூப் துண்டுகள் வைத்து, பிஸ்டலின் சட்டகத்தை மட்டும் பிடித்தோம். காற்று அழுத்துகிற குழாய்ப் பகுதியை வைஸில் பிடித்து நசுக்கியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பிட்டின் மேல் தலையின் உயரத்துக்கு, அதாவது குழியின் அடியிலிருந்து கணக்கிட்டு, ஒரு டேப் அடையாளம். அதற்குக் கீழே போனால் தண்டைத்தான் குடைகிறோம், தேவையில்லை.

என் கைத்துளைப்பானைப் பெரியவர் பார்க்கக்கூட இல்லை. மேசைத் துளைப்பு எந்திரத்தில் பெல்ட்டைக் கடைசிப் படிக்கு மாற்றினார். சிறிய பிட்டுக்கு வேகம் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். மென்மையான இரும்புக்கு அது சரி. கறுப்புப் பூச்சுடன் வருகிற இந்த ஆலன் ஸ்க்ரூக்கள் கடினமான எஃகு. வேகமாகச் சுற்றினால் பிட்டின் முனை சிவந்து மழுங்கிவிடும், பிறகு அது தேய்க்குமே தவிர வெட்டாது. மெதுவான சுற்று, உறுதியான அழுத்தம், சொட்டு எண்ணெய். நீலப்புகை லேசாக வந்தால் உடனே தூக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி. தூள் பொடியாக வராமல் சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது என்று அர்த்தம். முதலில் பொடிதான் வந்தது. அழுத்தத்தைக் கூட்டியதும் மெல்லிய சுருள்கள் எழுந்தன. அக்கா மகள் ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவ்வப்போது அவற்றை அள்ளினாள். பையைக் கழற்றி உதறினால் தூள் தனியாக விழுந்துவிடும். காந்தத்தைத் துடைக்க வேண்டியதில்லை. அந்த யோசனை அவளுடையது.

3 மி.மீ. பிட் அடையாளம் வரை இறங்கிய பிறகு பித்தளைக் குழலின் துளையை 4 மி.மீ.க்கு விரித்து, பெரிய பிட்டை மாட்டினோம். இப்போது தலைக்கும் தண்டுக்கும் இடையே இருப்பது காகிதம்போன்ற வளையம்தான். அரை நிமிடம் சென்றிருக்கும். எந்திரத்தின் சத்தம் சட்டென்று மாறியது. பெரியவர் கையைத் தூக்கினார். பிட் மேலே வந்தது, அதன் முனையில் மோதிரம்போல் ஸ்க்ரூவின் தலை சுற்றிக்கொண்டே வந்தது.

மூன்று பேரும் சிரித்தோம். அந்த மோதிரம் பிட்டைக் கவ்விக்கொண்டிருந்தது; அதைக் கழற்ற இடுக்கி தேவைப்பட்டது.

பலகை கைக்கு வந்தது. உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு நிலப்படம். நடுவில் ஸ்க்ரூவின் தண்டு ஆறேழு மி.மீ. உயரத்துக்கு நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு, 60 வாட் பற்றவைப்புக் கோலின் முனையை ஒரு நிமிடம் தண்டில் வைத்திருந்தோம். மரம் விலகிவிட்டதால் கருகுமோ என்ற பயம் இல்லை. ஆறவிட்டு மறுபடி ஒருமுறை. சூட்டில் எஃகு விரிந்து, ஆறும்போது சுருங்கி, அந்த வெள்ளை ஆப்பை நொறுக்கும். எண்ணெய் அந்த விரிசலில் இறங்கும். பூட்டும் இடுக்கியால் தண்டைக் கவ்வி, முதலில் வலப்பக்கம், இறுக்குகிற திசையில், மயிரிழை அளவு. பிறகு இடப்பக்கம். வலம், இடம், வலம், இடம். நான்காவது முறை 'கிரிக்' என்றது. அதற்குப் பிறகு இடுக்கியே தேவைப்படவில்லை. விரலால் திருப்பி எடுத்தேன்.

இவ்வளவு நாள் மலைபோல் நின்றது எப்படி விரலுக்கு வந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். ஒரு ஸ்க்ரூவை இறுக்கும்போது நாம் கொடுக்கிற திருப்பு விசையில் ஏறக்குறையப் பாதி தலையின் அடியில் உரசலுக்கே போய்விடும். 40 விழுக்காடு மரையில் உரசலுக்கு. மிச்சம் பத்துதான் உண்மையில் பிடிப்பாக மாறுகிறது. கழற்றும்போதும் எதிர்த்து நிற்பது அந்த உரசல்கள்தான். தலை போனதும் தலையடி உரசல் இல்லை; இழுவிசையும் இல்லாததால் மரையின் உரசலும் விட்டுப்போகிறது. எஞ்சியது அரிப்பு மட்டும், அதை எண்ணெயும் சூடும் பார்த்துக்கொண்டன. பெரியவர் இதை விழுக்காட்டுக் கணக்கில் சொல்லவில்லை. "தலைக்கனம் போனால் எல்லோரும் இளகிவிடுவார்கள்" என்றார். கணக்கு நான் பின்னால் சேர்த்தது.

சட்டகத்தின் மரை பிழைத்திருக்கிறதா என்று பார்க்க மரை வெட்டுகிற எம்4 'டேப்' கருவியைக் கையாலேயே இறக்கினோம். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்றுப் பின்னே. வெள்ளை மாவு கொட்டியது. முதல் ஒரு மரை மட்டும் சற்று உதிர்ந்திருந்தது, மற்றவை உறுதி. அவையும் உதிர்ந்திருந்தால் அலுமினியத்தில் எஃகுச் சுருள் மரை வைக்க வேண்டியிருந்திருக்கும். அது இன்னொரு ஒன்பது நாள்.

உட்புறத்தைப் பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். வினிகர் வேண்டாம் என்று நினைக்கிறேன். இரும்புத் துருவுக்கு நல்லது, அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும். இரண்டு பக்கத்துக்கும் புது ஸ்க்ரூ, துருப்பிடிக்காத எஃகில். அதுவும் அலுமினியத்தோடு சேர்ந்தால் மின்கலம்தான். ஆனால் மரையில் ஈரம் புகாமல் அடைத்துவிட்டால் மின்கலம் வேலை செய்யாது. மரையில் போடுகிற பசையான நீல நிற லாக்டைட் 243 ஒரு துளி போட்டேன். அது ஸ்க்ரூவைத் தளராமல் பிடிக்கும், மரையின் இடைவெளியை நிரப்பி ஈரத்தையும் தடுக்கும், கைக்கருவியால் கழற்றவும் விடும். சிவப்பு வகையைப் போட்டிருந்தால் அடுத்தமுறை 250 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருக்கும். மரப்பிடியுள்ள பொருளுக்கு அது ஆகாது.

குமிழ்த்தலையை மாற்றி உருளைத் தலை போடலாமா என்று பார்த்தேன். மரக்குழி 8 மி.மீ., உருளைத் தலை 7 மி.மீ.; அகலம் பொருந்துகிறது. ஆழத்தில்தான் தலை ஒரு மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையில் குத்தியது. மரத்தைக் குடைய அக்கா மகள் சம்மதிக்கவில்லை. குமிழ்த்தலையே இருந்துவிட்டுப் போகட்டும். இறுக்கும்போது மட்டும் ஆலன் கீயின் நீளக் காலை ஸ்க்ரூவில் செருகி, குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன். நெம்புகோல் குட்டையாக இருப்பதால் எவ்வளவு முயன்றாலும் அளவுக்கு மீறி இறுக்க முடியாது. பலகையைப் பிடித்துக்கொள்ள அதற்கு மேல் தேவையுமில்லை.

பெட்டியின் பஞ்சுமெத்தையைத் தூக்கிப் போட்டாயிற்று. அதைப் பிழிந்தபோது, இத்தனை மாதம் கழித்தும், உள்ளங்கை ஈரமானது. புதுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள். மாதம் ஒருமுறை வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அலமாரியின் மேல்தட்டில்.

பித்தளைக் குழலையும் மீறி மரக்குழியின் விளிம்பில் அரை மி.மீ. அளவுக்கு ஒரு வடு விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை முதல் நாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது. அக்கா மகள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் ஆலன் கீ கட்டைப் பிரித்து, வெர்னியரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அளந்தாள். அங்குலக் கீ ஏழு இருந்தது. ஏழின் வாலிலும் சிவப்பு நகப்பூச்சு தடவி, காய்வதற்காக ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள்.